அப்பாவின் பேரைக் கேட்டவர்

"செத்துப்போன அப்பாவுக்கு ஞானஸ்நானமா? ஏலே, எரிச்ச சாம்பலையா தண்ணிக்குள்ள முக்கப் போறீக?"

அருப்புக்கோட்டையிலிருந்து காரியாபட்டி போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு அக்காவும் தம்பியும். தம்பி அமெரிக்காவில் தோன்றிய மார்மன் என்ற கிறிஸ்தவ சபையில் சேர்ந்து பல வருஷமாகிறது என்பது பேச்சில் தெரிந்தது.

"அப்படியில்லக்கா. அவுக பேருக்கு வேற ஒருத்தர் முங்கி எந்திரிப்பாக. அம்மாவும் இல்ல. நீ சரின்னு சொன்னாப் போதும்."

"என்னைய எதுக்குடா கேக்குற? நீ பாட்டுக்கு அப்பா பேரக் குடுக்க வேண்டியதுதான?"

"சபையில வரலாறு படிக்கிறவுக கொஞ்சப் பேரு போன்ல கூடிப் பேசுவோம். வீட்டாளுகளக் கேக்காம செத்தவுக பேரக் குடுக்கலாமான்னு பெரிய வாக்குவாதம். கூடாதுன்னு கட்டுரை எழுதுனதே நான்தான்."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நாலு ஸ்டாப் தாண்டித்தான் தம்பியைப் பார்த்தார்.

"கொள்ளி வைக்கவிடாம உன்னையத் தடுத்தது பங்காளிகன்னுதான நெனச்சுக்கிட்டிருக்க? அப்பாதான்டா. ஆஸ்பத்திரியில என் கையப் பிடிச்சு, அவன் கொள்ளி எனக்கு வேணாம்னாக."

"செத்தவுக போற எடத்துலயும் அவுக இந்த ஞானஸ்நானத்த வேணாம்னு சொல்லலாம்க்கா. கட்டாயமில்லன்னுதான் எங்க நம்பிக்கை."

"சொல்லுவாக. ரெண்டாந்தடவையும் அதத் தாங்கிக்கிடுவியா?"



காரியாபட்டி வந்தது. அக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். தம்பியின் தோளில் கை வைத்தார்.

"நீ எழுதுனதுதான் சரி தம்பி. நான் சம்மதிக்கல."