மூக்குக்கண்ணாடி போட்ட கோழி

...பின்ன என்ன தங்கச்சி! டவுனுக்குப் போற பஸ்ஸ நிறுத்தி, எல்லாரையும் எறக்கி, ஐ.சி. அட்டையக் காட்டு, கூடையத் திற, காட்டுல ஒளிஞ்சிருக்கவனுக்கு அரிசி கடத்துறியா... நிக்கிறதுகூடப் பரவால்ல. போன வாரம் இதே எடத்துல, அந்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள், நம்ம தமிழாளுதான், என்னைப் பாத்து, 'வாங்க கோழியம்மா'ங்கிறான்! வரிசையே சிரிக்குது.

எந்தக் கோழியா? ஞாயித்துக்கெழம பேப்பர் பாக்குறதில்லையா நீங்க? மூணு கட்டம், மூணு படம், அடியில மூணு வரி. எங்க வீட்டுக்காரரு கைவேலை. ஜப்பான்காரன் காலத்துல ஆபீஸ்ல பாஷை சொல்லிக் குடுத்தானுங்கல்ல... எல்லாரும் மறந்தாச்சு. இவரு மட்டும் அந்த ஹைக்கூவ விடல. கட்டத்துக்கு ஒரு வரியாம். அதுக்கு மேல பேசக்கூடாதாம்! யார்கிட்ட சொல்றாரு? எங்கிட்ட லா!

போன வாரத்தது கேளுங்க:

'ஊரடங்குச் சங்கு.
தெருவெங்கும் அமைதி.
கோழி மட்டும் பேசுது.'

கோழி மூக்குல கண்ணாடி வேற! தங்கா பத்துல எங்க வீட்டு வரிசையில கண்ணாடி போட்ட பொம்பள நான் ஒருத்திதானே?

அந்தக் கோழி இருக்கணும், இல்ல நான் இருக்கணும்னுட்டேன். மனுசன் கோழிய விட்டுட்டுக் காக்கா வரைஞ்சிருக்காரு. பேப்பர்காரரோ, கோழி வரலன்னா எடத்த வேற ஆளுக்குக் குடுத்துருவேன்னு சொல்லிட்டாராம். இன்னிக்கி அனுப்பியாகணும். இவரு மேசமேல போட்டுட்டு ஆபீஸ் போயிட்டாரு. நாந்தான் தபாலாபீசுக்குத் தூக்கிட்டு ஓடுறேன். இந்தா, கவர இன்னும் ஒட்டல, பாருங்க:

'மழை விட்டது.
முள்வேலியில் காக்கா.
நனைஞ்ச றெக்கை.'

நல்லாத்தான் இருக்கு... உப்பில்லாத கஞ்சி மாதிரி. ரெண்டு நாளா அவரு மூஞ்சியும் இதே காக்கா மூஞ்சிதான். சோத்தப் பெசைஞ்சுட்டு எந்திரிச்சுப் போயிடுறாரு. யாருக்கு வேணும் இந்த அமைதி?

என்ன... கோழிக்குக் கண்ணாடிய ஏன் போட்டாருன்னா கேக்குறீங்க? அவரு எங்க போட்டாரு? வெறுங்கோழிய வரைஞ்சு வச்சிட்டுக் குளிக்கப் போனாரு. கண்ணு பொட்டுக்கடலையாட்டம், களையே இல்ல. நாந்தான் பேனாவ எடுத்து... சும்மா ரெண்டு வட்டம். கான்வெண்ட்ல டிராயிங்குக்கு எப்பவும் நாந்தான் ஃபர்ஸ்ட், தெரியுமா? சிஸ்டரே சொல்லுவாங்க... ஏய், சிரிக்காதீங்க! அந்தக் கான்ஸ்டபிள் இங்கயே பாக்குறான்.

தங்கச்சி... உங்க கைப்பையில பேனா இருக்கா? சீக்கிரம், வரிசை நகருது. இந்தக் கூடையக் கொஞ்சம் புடிங்க.

இந்தக் காக்காவுக்கும் பார்வை கொறச்சல் போல.