‘சரி’ என்பது பதில் அல்ல

டீயை அங்கேயே வைத்துவிடுங்கள் சார், ஆறினாலும் குடிப்பேன். கூட்டத்தில் குறிப்பு எடுக்கிறவனுக்குச் சூடான டீ எங்கே கிடைக்கும். பதினெட்டு வருடமாக ஏடு படிந்த டீயைத்தான் குடிக்கிறேன், பழகிவிட்டது.

நீங்கள் எழுதிய வாக்குமூலத்தைப் படித்துப் பார்த்தேன். ஒரு சொல் தவறாக இருக்கிறது. ‘கவனக்குறைவு’ என்று போட்டிருக்கிறீர்கள். என் வேலையில் நான் ஒருநாளும் கவனக்குறைவாக இருந்தவனில்லை. அதை அடித்துவிட்டு என்ன போட வேண்டும் என்பதைக் கடைசியில் நானே சொல்கிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். நான் பேசி முடிக்கும்வரை கேட்டவர்கள் ரொம்பக் குறைவு.

ஏழு மாடி ஆஸ்பத்திரிக் கட்டடம் அது. அங்கே நான் தகவல் ஒருங்கிணைப்பாளர். எந்தச் செய்தி யாருக்குப் போக வேண்டும், எப்போது, எந்த வழியாக, அது போய்ச் சேர்ந்ததை அவர் எப்படி உறுதி செய்ய வேண்டும் என்று திட்டமிடுவது என் வேலை. அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே பதினான்கு பக்கத்தில் தகவல் திட்டம் எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் கையெழுத்துப் போட்டார், படிக்கவில்லை. எப்படித் தெரியும் என்றால், ஒன்பதாம் பக்கத்தில் அவருடைய போன் நம்பரையே வேண்டுமென்றே தப்பாகப் போட்டிருந்தேன். இன்றுவரை அது அப்படியேதான் இருக்கிறது.

அங்கே எல்லோரும் என்னைத் ‘தபால்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை வைத்தவர் சென்ட்ரிங் மேஸ்திரி. கான்கிரீட் தளம் போடுவதற்குப் பலகை அடித்து, கீழே முட்டுக் கொடுத்து, தளம் இறுகிய பிறகு முட்டைப் பிரிக்கிற கூட்டத்துக்கு அவர் தலைவர். என் தங்கை புருஷனும் அவர்தான். வேலையில் சேர்த்துவிட்டதே நான்தான். நல்ல மனிதர், உழைப்பாளி, வாய்தான் கொஞ்சம் நீளம். “தபால் வர்றாருடா, எல்லாரும் கையெழுத்துப் போட ரெடியா இருங்க” என்பார். ஒருநாள் என் திட்டத்தின் நடுப்பக்கங்களைச் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் விரித்திருந்தார். கேட்டதற்கு, “கோவிச்சுக்காதீங்க மச்சான், இந்த சைட்லயே உங்க பேப்பர்தான் கெட்டி. குழம்பு கொட்டினாக்கூட கீழ எறங்கல” என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மூன்றாவது மாடியில் ஒரு கதவை இரண்டடி தள்ளி வைக்கச் சொல்லி வரைபடம் மாறி வந்தது. மூன்று மெயில் அனுப்பினேன். வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பலகையில் ஒட்டினேன். கதவைப் பழைய இடத்திலேயே விட்டுச் சுவரை எழுப்பினார்கள். இடித்தார்கள். மறுபடியும் பழைய இடத்திலேயே எழுப்பினார்கள். வாரக் கூட்டத்தில் இருபது பேர் முன்னால் மேனேஜர் என்னைப் பார்த்து, “நீங்க அனுப்பினீங்க, ஒத்துக்கறேன். ஆனா சொல்லலையே” என்றார்.

அந்த வாக்கியத்தை அன்றைய குறிப்பில் நானே என் கையால் எழுத வேண்டியிருந்தது. அனுப்பியதற்குச் சாட்சி வைத்திருந்தேன், தேதி வைத்திருந்தேன், நேரம் வைத்திருந்தேன். ஒருவர்கூட எனக்காக வாய் திறக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் இன்ஜினியர் மட்டும் வந்து, “விடுங்க. ஊதுற சங்கை ஊதுவோம், விடியறப்ப விடியட்டும்” என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். அவருக்கும் மூன்று மெயில் போயிருந்தது.

அன்று இரவே உட்கார்ந்து யோசித்ததில் எனக்கு ஒன்று பிடிபட்டது. என் செய்தி ஒவ்வொன்றுக்கும் எல்லோரும் பதில் போட்டிருந்தார்கள். எல்லாம் ஒரே பதில். ‘சரி’. நம் ஆட்கள் இந்தச் சொல்லை வைத்துப் பண்ணுகிற அநியாயம் கொஞ்சமில்லை. காதில் விழுந்தது என்றாலும் சரி. செய்கிறேன் என்றாலும் சரி. செய்ய மாட்டேன், இப்போது ஆளை விடு என்றாலும் சரி. இரண்டு தடவை சொன்னால் வாயை மூடு என்று அர்த்தம். இழுத்துச் சொன்னால் போனை வைக்கப் போகிறார் என்று அர்த்தம். இதை நம்பி ஒரு கட்டடத்தை எப்படிக் கட்டுவது?

திட்டத்தைத் திருத்தினேன். பதினோராம் பக்கத்தில் தடித்த எழுத்தில் போட்டேன்: ‘சரி என்பது பதில் அல்ல. செய்யலாம், செய்யக்கூடாது என்ற இரண்டில் ஒன்று வரும்வரை வேலை தொடங்கக்கூடாது.’ கான்கிரீட்டின் பலத்தைச் சொல்லும் ஆய்வக அறிக்கைகள் பத்துப் பேருக்குப் போய்த் தொலைவதால், இனி எனக்கு மட்டும் வரட்டும், உரியவருக்கு நான் சொல்கிறேன் என்றும் எழுதினேன். மேனேஜர் இதற்கும் கையெழுத்துப் போட்டார். இன்ஜினியருக்கு ஒரு வேலை மிச்சம். மேஸ்திரி வாசித்துவிட்டு, “சரி” என்றார். மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள்.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். தளம் போடும்போதே அதே கான்கிரீட்டில் சின்னச் சின்னக் கட்டிகள் வார்த்து ஆய்வகத்துக்கு அனுப்புவோம். அது எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று அவர்கள் சொன்ன பிறகுதான் முட்டைப் பிரிக்கலாம். காலை பத்து இருபதுக்கு அறிக்கை எனக்கு வந்தது. நாலாவது மாடித் தளத்துக்கு இருக்க வேண்டிய பலத்தில் பாதிகூட இல்லை. என் திட்டப்படி உடனே மேஸ்திரியைப் போனில் கூப்பிட்டு, முட்டில் கை வைக்கக்கூடாது என்று சொல்ல வேண்டும்.

போனைக் கையில் எடுத்தேன். அதற்குள் அவரிடமிருந்து குரல் செய்தி வந்துவிட்டது. “மச்சான், நாலாவது மாடி முட்டைப் பிரிக்கலாம்னு இருக்கோம். ஆளுங்க சும்மா நிக்கிறாங்க. ரிப்போர்ட்ல ஏதாவது இருந்தா சொல்லுங்க. உங்க சட்டப்படியே கேட்டுட்டேன், இப்ப சந்தோஷமா?”

இரண்டு தடவை கேட்டேன். பின்னால் யாரோ சிரிப்பது லேசாகக் கேட்டது. அந்தச் சிரிப்புக்காகத்தான் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள், நான் அவ்வளவு சின்ன மனிதனில்லை. பதினோராம் பக்கத்தை அவர் உண்மையிலேயே படித்திருக்கிறாரா என்று பார்க்க நினைத்தேன். ‘சரி’ என்று டைப் செய்து அனுப்பினேன்.

விதிப்படி அது அனுமதி இல்லை. படித்தவராக இருந்தால் நின்றிருப்பார், “என்ன மச்சான் சரி, செய்யலாமா கூடாதா” என்று திருப்பிக் கேட்டிருப்பார். அவர் ஒரு கும்பிடு பொம்மையை அனுப்பிவிட்டு மேலே போனார். பின்னாலேயே ஐந்து பேர் போனார்கள். என் அறை ஜன்னலிலிருந்து படிக்கட்டு நன்றாகத் தெரியும்.

அறிக்கையை இருபது பிரதி எடுத்து, ஒவ்வொன்றோடும் பதினோராம் பக்கத்தைச் சேர்த்துப் பின் அடித்தேன். நாலு மணிக்கு வாரக் கூட்டம். முதல் வரிசை முட்டு போனதும் தளத்தில் விரிசல் விடும், ஆட்கள் இறங்கி ஓடி வருவார்கள், சாயங்காலம் மேனேஜர் முன்னால் இதை வைப்பேன் என்று கணக்குப் போட்டிருந்தேன். அப்படித்தான் உங்கள் சகாவிடம் முதலில் சொன்னேன். அது முழுப் பொய்யும் இல்லை. ஆனால் பாதி பலம்கூட இல்லாத தளம் விரிசலோடு நிற்காது என்று எனக்குத் தெரியும். பதினெட்டு வருடம் கட்டடத்தில் இருந்தவனுக்கு அது தெரியாமல் இருக்குமா?

அவர்கள் மேலே போனதற்கும் தளம் இடிந்து இறங்கியதற்கும் நடுவில் பதினேழு நிமிடம். போன் மேசைமேல்தான் இருந்தது. நான் பின் அடித்துக்கொண்டிருந்தேன். ஆறு பேரில் இரண்டு பேரை உயிரோடு எடுத்தார்கள். அந்த இரண்டு பேரில் மேஸ்திரி இல்லை.

ஆகவே சார், கவனக்குறைவு என்பதை அடித்துவிடுங்கள். ‘தெரிந்தே’ என்று போடுங்கள். போட்டால் கையெழுத்துப் போடுகிறேன்.

நேற்று தங்கை வந்திருந்தாள். விசாரிக்கிறார்கள் என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும். அந்தப் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, “அண்ணா, அவர் கேக்காம முட்டைத் தொடவே மாட்டாரே. உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டாரா?” என்றாள்.

“கேக்கலம்மா” என்றேன்.

“எத்தனை தடவை சொல்லியிருப்பேன், அண்ணன் சொல்றதைக் கொஞ்சம் காதுல வாங்குங்கன்னு. கேட்டாத்தானே. பிள்ளைங்களை இப்படி நடுத்தெருவுல விட்டுட்டுப் போயிட்டாரே, பாவி” என்று செத்துப்போனவரைத் திட்டித் தீர்த்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தலையைத் தடவிக் கொடுத்தேன். எனக்கும் அழுகை வந்தது.

இந்த வாக்குமூலத்தின் பிரதி ஒன்று அவளுக்கும் போகும் என்றீர்கள். இப்போதைக்கு அனுப்பாதீர்கள் சார். அவளுக்கு எதை, எப்போது, எப்படிச் சொல்ல வேண்டும் என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறேன்.