ஆம்பியர் முள்

ஒயரின் உறையை உரிப்பதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. எந்தக் கடையிலும் கிடைக்கும். என் தங்கையின் கணவர் பல்லால் கடித்துத்தான் உரிப்பார். உரித்த துணுக்கை எச்சிலோடு துப்புவார். அது என் பட்டறைத் தரையானாலும் அவருக்கு ஒன்றுதான். இதைக் கோபத்தில் சொல்லவில்லை, ஐயா. காரணம் கேட்டீர்கள், முறையாகத் தொடங்குகிறேன்.

அவருடைய பழைய வேனில் கூடுதல் விளக்குகளையும் ஒரு பாட்டுப்பெட்டியையும் மாட்டியிருந்தார். வண்டியோடு வந்த டைனமோவால் அவற்றுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. பேட்டரி அடிக்கடி படுத்துக்கொண்டது. அந்த டைனமோவைப்போல் மும்மடங்கு மின்னோட்டம் தரும் ஆல்டர்னேட்டர் ஒன்றை எங்கிருந்தோ வாங்கிவந்து, மாட்டித்தரச் சொன்னார்.

டேஷ்போர்டைக் கழற்றினேன். அத்தகைய வண்டிகளில், பேட்டரிக்குப் போகும் மின்சாரம் முழுவதும் டேஷ்போர்டிலுள்ள ஆம்பியர் மீட்டர் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போகும். அந்த ஒயர் பழைய டைனமோவுக்கு அளவெடுத்துப் போட்டது, புதியதைத் தாங்காது. தடதடவென்ற சத்தம் கேட்காமலிருக்க, அதைச் சுற்றி எண்ணெய் துடைத்த கந்தல்களைத் திணித்திருந்தார். கந்தலுக்குள் எலிப்புழுக்கை. மென்று ஒட்டிய சூயிங்கம். ஃபியூஸ் இருக்கவேண்டிய இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள். இடுக்கியால் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன்.

"மீட்டரை விட்டுட்டு, பேட்டரிக்கு நேரா தடியான ஒயர் இழுக்கணும், மாப்பிள்ளை. முள் மட்டும் ஆடாது" என்றேன்.

"முள் ஆடலைன்னா வண்டி செத்த மாதிரி இருக்குமே, மச்சான். இருக்கறபடியே மாட்டுங்க. உங்க பட்டறை ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு, உள்ள வந்தாலே எனக்குக் காய்ச்சல் வருது."

வேனுக்குள் உட்கார்ந்து எதையோ தின்றுகொண்டிருந்த என் தங்கை சிரித்தாள். "அண்ணனுக்கு சோப்பையே கழுவித்தான் குடுக்கணும்."

சிறுவயதில், தட்டில் ஈ உட்கார்ந்தால் சாப்பாட்டையே கொட்டிவிடுபவள் அவள். அன்று விரல்களை நக்கிவிட்டு இருக்கையில் துடைத்தாள். துடைத்த இடம் ஏற்கெனவே எண்ணெய்ப் பிசுக்கில் பளபளவென்றிருந்தது.

முள் ஆடாது என்று சொன்ன நான், ஒயர் எரியும் என்பதை மட்டும் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்பக்கூடும். எனக்குப் பொய் பிடிக்காது.

அவர் கேட்டபடியே மாட்டினேன். பழைய ஒயரைப் பழைய வழியிலேயே விட்டேன். வெளியே எடுத்த கந்தல்களை, கை படாமல் இடுக்கியால் எடுத்து, இருந்த இடத்திலேயே வைத்தேன். வெள்ளித்தாள் சற்று மெலிதாக, ஒயருக்கு முன்பே எரிந்து அறுந்துவிடும்போல் தெரிந்தது. இன்னொரு மடிப்பு மடித்துச் செருகினேன். அந்த வண்டியின் கதவுகள் உள்ளிருந்து திறக்கா. கண்ணாடியை இறக்கி, வெளியே கைவிட்டுத்தான் திறக்கவேண்டும். கண்ணாடிகளோ பாதியிலேயே சிக்கிக்கொள்ளும். அதுவும் எனக்குத் தெரியும்.

முள் நன்றாக ஆடியது. "பாத்தீங்களா மச்சான், உயிர் வந்துடுச்சு" என்றார் அவர். எல்லா விளக்குகளையும் எரியவிட்டு, பாட்டையும் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். மலைச்சாலை ஏறும் முன்பே புகை வந்ததாக நீங்கள்தான் சொன்னீர்கள்.

அவரைத் திட்டமிட்டுக் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்; மறுக்கவில்லை. தங்கையின் பெயரை மட்டும் அதில் சேர்க்காதீர்கள். அவள் ஏறி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத்தான் அவள் பக்கத்துக் கதவை நானே சாத்தினேன். கூடப்பிறந்தவளை அந்த அழுக்கிலேயே விட்டுவைக்க எந்த அண்ணனுக்கு மனம் வரும்?