பானட்டில் ஊற்றிய நான்கு வாளித் தண்ணீர்

விழாவுக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் தளபதி அவர்களே! எனக்கு முன்னால் பேசி, எனக்கென்று ஒரு வார்த்தைகூட மிச்சம் வைக்காத பெரியவர்களே! பெற்ற பிள்ளையைக் காவலுக்கு அனுப்பிவிட்டு, போன் மணிக்குக் காதைத் தீட்டி வைத்திருக்கும் தாய்மார்களே! ஸ்பானர் பிடித்துக் காய்த்த கைகளோடு கடைசி வரிசையில் நிற்கும் என் பட்டறைத் தோழர்களே! முதல் வரிசை ஓரத்தில் மகளை மடியில் சாய்த்து அமர்ந்திருக்கும் என் தங்கையே! உங்கள் எல்லோருக்கும் இந்தத் தலைமை மெக்கானிக்கின் வணக்கம்.

வெளியே பாருங்கள். இடப்பக்கம் பதினெட்டுப் பழைய ஜீப்புகள். வலப்பக்கம் பன்னிரண்டு புதிய கவச லாரிகள். ஜீப்புக்குக் கித்தான் கதவு. மழைக்கே மறைப்பில்லாத கதவு மரணத்துக்கா மறைப்பாகும்? லாரிக்கோ கண்ணாடியே நான்கு விரல் தடிமன்! அடியில் இரும்பு, அணைத்தாற்போல் இரும்பு, ஆளைச் சுற்றி அரண்போல் இரும்பு!

பழைய ஜீப்புகளை முப்பத்தோராண்டு ஓடவைத்ததற்காக இந்தக் கேடயத்தை எனக்குத் தருகிறார்கள். எப்படி ஓடவைத்தேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு குழு வந்தது. ஜீப்புகளை மாற்றலாமா வேண்டாமா என்று பார்க்க வந்த குழு. காலைக் குளிரில், ஆறிக்கிடக்கும் எஞ்சின் சாவியைத் திருப்பியதும் ஒரே செல்ஃபில் கிளம்புகிறதா? இதுதான் அவர்களுடைய சோதனை. எங்கள் ஜீப்பா ஒரே செல்ஃபில் கிளம்பும்? ஒன்பது முறை இருமும், பத்தாவது முறை கும்பிட்டால்தான் கிளம்பும்!

சிரியுங்கள், சிரியுங்கள். மெக்கானிக் மூளை சும்மா இருக்குமா? குழு வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே, சோதனைக்கு நிறுத்திய ஜீப்பின் எஞ்சினை ஓட்டிச் சூடேற்றினோம். பிறகு அணைத்தோம். கைவைத்துப் பார்த்தால் எஞ்சினை மூடும் பானட் சுடுமே? நான்கு வாளித் தண்ணீரை அதன்மேல் ஊற்றினோம். துடைத்தோம். தரையில் ஈரம் தெரியுமே? மணலைத் தூவினோம்! குழுத்தலைவர் வந்தார், பானட்டைத் தொட்டார், சில்லென்று இருந்தது. சாவியைத் திருப்பினார். ஒரே செல்ஃப்!

"இருபத்தஞ்சு வருஷத்து வண்டியா இது? மாப்பிள்ளை மாதிரி நிக்குதே!" என்றார். இன்னும் ஐந்தாண்டு தாங்கும் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

கை தட்டுகிறீர்கள். நாங்களும் அன்று தட்டினோம். பக்கத்து முகாமின் ஜீப் அதே வாரம் அதே குழுவின் முன்னால் இருமி இருமி நின்றுபோனது. "வண்டி பாக்கத் தெரியாத பசங்க" என்று வாய் வலிக்கக் கேலி செய்தோம். அவர்களுக்கு அடுத்த ஆண்டே கவச லாரி வந்தது. எங்களுக்கு வரவில்லை. எப்படி வரும்? எங்கள் ஜீப்தான் மாப்பிள்ளை ஆயிற்றே!

அந்த நான்கு வாளியையும் குழாயடியிலிருந்து சுமந்து வந்தவர் யார் தெரியுமா? அந்த ஜீப்பின் டிரைவர். மூன்றாவது வாளியோடு நின்றுவிட்டார்.

"அண்ணே, வண்டி நல்லாருக்குன்னு அவங்களை நம்ப வெச்சிருவோம் சரி. நாளைக்கு இதை ஓட்டப்போறது நான்தானே?"

நியாயமான கேள்வி. நான் என்ன சொன்னேன்? "பட்டறை மானம் போயிடும்டா. ஊத்து தண்ணிய" என்றேன். சிரித்துக்கொண்டே ஊற்றினார்.

பதினான்கு மாதம் கழித்து, மண்சாலை ஒன்றில், அந்த ஜீப்பின் அடியில் கண்ணிவெடி வெடித்தது. அதற்குமேல் நான் சொல்ல மாட்டேன். அவருடைய பெண் குழந்தை இங்கே உட்கார்ந்திருக்கிறாள். அடுத்த மாதம் அதே சாலையில் பக்கத்து முகாமின் கவச லாரிக்கு அடியிலும் வெடித்தது. அதன் டிரைவர் காது அடைத்துப்போய், கதவைத் திறந்து, இறங்கி நடந்தார்.

இறங்கி நடந்தார், ஐயா! எங்கள் வீட்டுப் பிள்ளையும் அப்படி இறங்கி நடந்திருக்க வேண்டாமா? விதி என்றார்கள். விதியா தண்ணீர் ஊற்றியது? விதியா மணல் தூவியது? வண்டி பழையது என்பதால் அவர் போகவில்லை. வண்டி பழையது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது, அதனால் போனார்.

இன்று காலை வாசலில் அவருடைய மனைவி, என் உடன்பிறவாத் தங்கை, என்னிடம் வந்தார். "அவரு கடைசியா போன்ல பேசினப்பகூட, அண்ணன் பட்டறை வண்டி, பயப்படாதேன்னுதான் சொன்னாரு. நீங்க பரிசு வாங்குறதைப் பாக்கத்தான் வந்தேண்ணே" என்றார். அதுவரை நான் வேறொரு பேச்சை எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். கிழித்துப் போட்டுவிட்டேன்.

யாரோ பின்னாலிருந்து "போதும்ணே" என்கிறீர்கள். போதாது தம்பி. ஐந்து வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்ததுதான் போதும்.

தளபதி அவர்களே, அன்று நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இதோ உங்கள் மேசையில் வைக்கிறேன். அந்தப் பொய் அறிக்கைக்குப் பக்கத்திலேயே இதையும் சேர்த்துவையுங்கள். கேடயமும் இங்கேயே இருக்கட்டும். எந்தத் தண்டனை வந்தாலும் அது எனக்கு மட்டும் வரட்டும். வாளியைத் தூக்கச் சொன்னவன் நான்தான்.

பட்டறைத் தோழர்களே! இந்தக் கவச லாரிகளும் ஒருநாள் கிழடாகும். அன்றும் ஒரு குழு வரும், பானட்டைத் தொடும், சாவியைத் திருப்பும். வண்டி இருமினால் இருமட்டும்! நின்றால் நிற்கட்டும்! நம் மானம் போனால் போகட்டும், வண்டிக்குள் இருப்பவன் வீட்டுக்குப் போகட்டும்!

தங்கையே, மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. நீங்கள் எழுந்து போனாலும் சரிதான். உட்கார்ந்திருக்கிறீர்கள். அதற்கு நான் தகுதியானவன் இல்லையம்மா.

என் பொய்யைக் கேட்டுக் கை தட்டியவர்களுக்கும், என் உண்மையைக் கேட்டு அமைதியாக இருந்தவர்களுக்கும் நன்றி. வணக்கம்.