சின்னையாவின் விரலில் இரண்டு மில்லிமீட்டர்

இழந்த தொடு உணர்வை ஒரு மனிதனுக்குத் திருப்பிக் கொடுப்பது இறைவனுக்கு அடுத்தபடியான செயல். அதைச் செய்து முடித்தவன் நான் என்று ஒரு தாளில் எழுதியிருக்கிறது. தாளை எழுதியதும் நான்தான்.

அந்தத் தாளைப் பற்றி விசாரிக்க வந்திருக்கிறீர்கள். ஒளிக்காமல் சொல்கிறேன். என் பெயர் நாராயணசாமி, ஈஜோக் பக்கத் தோட்ட ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருடமாகப் புண்ணுக்கு மருந்து கட்டும் டிரசர். எண்பத்து நான்காம் வருடம், வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் சின்னையாவின் வலது ஆள்காட்டி விரல் செம்பனைக் குலை ஏற்றும் லோரியின் பின்கதவில் மாட்டியது. எலும்பு தப்பியது. தோலும் சதையும் உறை கழற்றினாற்போல் வந்துவிட்டன. கோலாலம்பூரில் டாக்டர் கார்த்திகேசு அவருடைய தொடை இடுக்கில் ஒரு தோல்மடிப்பைக் கிளப்பி, விரலை அதற்குள் வைத்துத் தைத்தார். மூன்று வாரம் கை அங்கேயே இருக்க வேண்டும். பிறகு வெட்டிப் பிரித்தால் விரலுக்குப் புதுத் தோல்.

சின்னையா அந்த நிலையிலேயே லயத்து வீட்டுக்குத் திரும்பினார். மனைவி தங்கமணி என்னிடம் வந்து, "கைலிக்குள்ள கைய விட்டுக்கிட்டே காலையில பேரு கூப்பிடுற ரோல்கோலுக்குப் போறாரு டிரசரய்யா. நான் எப்படி லா வெளிய தல காட்டுறது?" என்றாள்.

பிரித்தபின் விரல் கொழுகொழுவென்று அழகாகத்தான் இருந்தது. உணர்ச்சி மட்டும் இல்லை. அதை வரவழைக்கும் பொறுப்பை டாக்டர் என்னிடம் கொடுத்தார். கண்ணைக் கட்டி அரிசி, ஆணி, சட்டைப் பொத்தான் என்று தொடவைத்துப் பழக்க வேண்டும். வாரம் ஒருமுறை பேப்பர் கிளிப்பை வளைத்து அதன் இரு முனைகளால் தொட வேண்டும். இரண்டும் தனித்தனியாகத் தெரிகிற மிகக் குறைந்த இடைவெளியை மில்லிமீட்டரில் அட்டையில் குறிக்க வேண்டும். இடைவெளி குறையக் குறைய உணர்ச்சி கூடுகிறது என்று பொருள்.

மூன்று வாரம் செய்தேன். பிறகு தோட்டக் கணக்கெழுதும் கிராணி வீட்டில் கேரம் போட்டி தொடங்கியது. அட்டை காலியாக இருந்தால் பார்க்க நன்றாக இராது என்பதால் உட்கார்ந்த இடத்திலேயே எழுதினேன். பதினைந்து, பன்னிரண்டு, ஒன்பது, ஆறு. ஆறாம் மாதம் கை ஓட்டத்தில் இரண்டு என்று வந்துவிட்டது. அடிபடாத என் விரலுக்கே நான்கு. அட்டையைப் பார்த்து டாக்டர் வியந்து கடிதம் எழுதினார். சட்டம் போட்டு என் நாற்காலிக்கு மேலே மாட்டினேன்.

அந்த ஆடியில் அம்மன் கோயில் திருவிழாவில் சின்னையா தீபாராதனைத் தட்டைப் பிடித்திருந்தார். எரிகிற கற்பூரம் ஒன்று நழுவி அந்த விரலில் விழுந்தது. அவர் பக்கத்து ஆளிடம் லோரி டயரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். விரல் எரிந்தது, பேச்சு நிற்கவில்லை. பெண்கள் காலில் விழுந்தார்கள்.

கோயில் தலைவர் நல்லசாமி எதையும் எளிதில் நம்பாதவர். மறுநாள் என்னிடம் வந்தார். "டிரசர், ஒன்னே ஒன்னு சொல்லுங்க. அந்த வெரல்ல உணர்ச்சி இருக்கா? இல்லேன்னா அது வெறும் மரத்துப்போன வெரலு. இருந்துச்சின்னா ஆத்தா எறங்கிட்டா."

டாக்டரின் கடிதம் என் தலைக்கு மேலே இருந்தது. "உங்க வெரல விட கூடவே இருக்கு," என்று அட்டையைக் காட்டினேன். அவர் செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து மறுபடி படித்தார்.

சாயங்காலம் சின்னையாவே வந்தார். "எனக்குச் சுடவே இல்லீங்க டிரசரய்யா. நெசத்தச் சொல்லுங்க, வெரலு செத்துப்போச்சா?"

"ரெண்டு மில்லிமீட்டரு," என்றேன்.

"அப்ப ஆத்தாதான்," என்று அழுதார். தன் விரலைவிட என் கையெழுத்தை நம்புகிற மனிதர்.

அதிலிருந்து வெள்ளிதோறும் நோய் தீரக் கூட்டம். புக்கிட் பெலிம்பிங்கிலிருந்து வேன் வருகிறது, சுங்கை செம்பிலாங்கிலிருந்து மீன்காரர்கள் வருகிறார்கள். சின்னையா அந்த விரலில் கற்பூரம் ஏற்றி, அணைந்ததும் அதாலேயே நெற்றியில் திருநீறு பூசுகிறார். தோல் எந்த இடத்துத் தோல் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கவில்லை. லயத்துக்காரர்கள் மறந்துவிட்டார்கள். சனிக்கிழமை பின்வாசல் வழியாக வருவார், வெந்த புண்ணுக்கு நான்தான் மருந்து கட்டுவேன். இரண்டு வருடத்தில் விரல் எரிந்து தேய்ந்து நடுக்கணு வரை வந்துவிட்டது. அட்டையில் "நீளம் சற்றுக் குறைவு" என்று நேர்மையாகவே குறித்திருக்கிறேன்.

ஆக, ஒப்புக்கொள்கிறேன். நான் சோதித்த மூன்று வாரத்திலும் அவருக்கு ஆணியும் தெரியவில்லை, அரிசியும் தெரியவில்லை. மிச்சமெல்லாம் என் பேனா. அந்த விரலில் உணர்ச்சியும் இல்லை, சக்தியும் இல்லை. இது என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இருக்க முடியாது.

போன வெள்ளிக்கிழமை வரிசையில் நான் நாற்பத்தோராவது ஆள். எனக்கு மூலநோய்.