ஜீப்பில் முப்பது நாள் இடம்

ஏலமணம் ஏறிவரும் இந்த இனிய மாலையில் இவ்விழாவுக்குத் தலைமையேற்று, நேரமாகிறது என்று ஏற்கெனவே இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்ட வணிகர் சங்கத் தலைவர் ஐயா விஜய்ராஜ் அவர்களே! கண்ணொளி காப்பதே கடமையெனக் கருதித் தேனியிலிருந்து வந்திருக்கும் மருத்துவர் இவாஞ்சலின் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்து முறுவல் பூத்திருக்கும் மூத்தோர்களே! மலையிறங்கி, முகம்கூடக் கழுவாமல், முந்தானையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நேரே இங்கு வந்திருக்கும் என் தாய்மார்களே! அதோ, தேநீர்க் கடை ஓரத்தில், பேச்சு நன்றாக இருந்தால் உள்ளே வருவோம், இல்லையென்றால் வண்டியை எடுப்போம் என்று சாவியைச் சுழற்றியபடி நிற்கும் ஜீப் ஓட்டுநர் தம்பிகளே! உங்கள் அனைவருக்கும் உத்தமபாளையம் கண்ணாடிக் கடை சேக் பரீத்தின் பணிவான வணக்கம்.

கண்ணாடி விற்கிறவன் கண்ணைப் பற்றிப் பேச வந்தால் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்ப்பீர்கள். பாருங்கள், தப்பில்லை. ஆனால் இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்தப் பள்ளத்தாக்கில் நடந்த இலவசக் கண் முகாம்களுக்கு நாற்காலி தூக்கிப் போட்டவன் நான். அந்த உரிமையில் பேசுகிறேன்.

இன்று தேவாரத்தில் திறந்திருக்கிறோமே, இந்தக் கண் மையம், இதில் என்ன இருக்கிறது? மாளிகையா? இல்லை. பத்துக்குப் பதினாறு அடியில் ஓர் அறை. கண்ணைச் சோதிக்கும் கருவி ஒன்று. கணினி ஒன்று. பயிற்சி பெற்ற தங்கை ஒருவர். அவர் எடுக்கும் படம் தேனியில் இருக்கும் மருத்துவருக்குப் போகும், மருத்துவர் திரையில் உங்கள் முகம் பார்த்துப் பேசுவார். கட்டணம் இருபது ரூபாய். இல்லாதவர்க்கு அதுவும் இல்லை. இரவு எட்டு மணி வரை திறந்திருக்கும், ஏனென்றால் மலைக்குப் போன வண்டிகள் திரும்பவே ஐந்தரை ஆகிவிடுகிறது. புரை என்று தெரிந்தால் தேனியில் அறுவை சிகிச்சை இலவசம், போக வர வண்டி இலவசம், சாப்பாடும் இலவசம்.

கை தட்டுகிறீர்கள். நன்றி. ஆனால் கொஞ்சம் பொறுங்கள். கருவி வந்தால் கண் வந்துவிடுமா? கட்டடம் வந்தால் கண் வந்துவிடுமா? கட்டணம் குறைந்தால் கண் வந்துவிடுமா? வந்துவிடும் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். என் நம்பிக்கையில் மண் விழுந்த கதையைச் சொல்லத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

இந்த ஆவணியில் இதே திடலில் முகாம் போட்டோம். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி மூன்று நாள் ஊர் முழுக்கக் கத்தினோம். கெங்குவார்பட்டியிலிருந்தெல்லாம் உறவுக்காரர்களை அழைத்துக்கொண்டு வந்தார்கள். ஆனால் மலையடிவாரத்தில் ஓடைத்தெரு இருக்கிறது, நூற்றிருபது வீடு, வீட்டுக்கு ஒருவராவது ஏலத்தோட்டத்துக்குப் போகிற தெரு. அந்தத் தெருவிலிருந்து முகாமுக்கு வந்தவர்கள் எத்தனை பேர்? பத்தா? ஐந்தா? ஓர் ஆள்கூட இல்லை.

எனக்கு வந்ததே கோபம்! நிறைவு விழாவில் ஒலிவாங்கியைப் பிடித்து, "அறியாமை என்னும் அடர்ந்த இருளில் அமிழ்ந்து கிடக்கிறது அந்தத் தெரு" என்று முழங்கினேன். அடுக்குமொழிக்கு ஆசைப்பட்டால் இப்படித்தான். நீங்களும் தட்டினீர்கள் கை. அங்கே சிரிக்கிறீர்களே ஐயா, நீங்கள் எழுந்து நின்றே தட்டினீர்கள். நான் மட்டும் மாட்டிக்கொள்ள முடியாது.

மறுநாள் மாலை பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தோம். மலையிலிருந்து வந்த ஜீப் ஒன்று நின்றது. ஐம்பத்தெட்டு வயது இருக்கும், ஓர் அம்மா இறங்கினார். திடலை ஒட்டிய பள்ளிச் சுவரை ஒரு கையால் தடவிக்கொண்டே வந்து, என் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றார். பெயர் பிச்சையம்மாள். நேற்று மைக்கில் எங்கள் தெருவைத் திட்டியது நீங்கள்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"நாங்க ஒண்ணும் தெரியாமலா இருக்கோம், பாய்? எனக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. டாக்டரம்மா போன வருசமே சொல்லிட்டாக. மொதல்ல எங்க தெரு சுகிர்தத்துக்கு என்ன ஆச்சுன்னு போயிக் கேளுங்க. அப்புறம் வந்து திட்டுங்க."

போனேன். கேட்டேன். தலை குனிந்தேன்.

சுகிர்தம் அம்மாவுக்குச் சென்ற ஆண்டு ஐப்பசியில் எங்கள் முகாம் வழியாகத்தான் அறுவை சிகிச்சை நடந்தது. அருமையாக நடந்தது. ஆனால் மருத்துவர் சொல்வார், முப்பது நாள் தூசி கூடாது, பாரம் கூடாது, ஈரச் செடிக்குள் குனியக் கூடாது. ஐப்பசி எது? காய் எடுப்பு உச்சத்தில் இருக்கிற மாதம். தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பில் பதினாலு பேர் ஏற வேண்டும். ஓர் ஆள் குறைந்தால் இன்னோர் ஆளை ஏற்றித்தான் ஆக வேண்டும். முப்பது நாள் மருத்துவர் சொன்னபடி கட்டுப்பாடாக இருந்துவிட்டு, முப்பத்தொன்றாம் நாள் தூக்குவாளியோடு போனால் அவர் இடத்தில் வேறு ஒருவர். அடுத்த வாரம் பார்ப்போம் அக்கா என்றார் ஓட்டுநர். அடுத்த வாரமும் அதுதான். யாராவது வராமல் போனால் ஏறிக்கொள்ளலாம் என்று இரண்டு மாதம் விடியற்காலையில் போய் நின்றிருக்கிறார் அந்த அம்மா. பிறகு நிற்பதையும் விட்டுவிட்டார்.

எங்கள் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? "பார்வை முழு வெற்றி." அவரிடம் கேட்டேன், இப்போது கண் நன்றாகத் தெரிகிறதா அம்மா என்று.

"நல்லாத் தெரியுது பாய். வண்டி போறது அங்கன வளைவு வரைக்கும் தெரியுது" என்றார். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார்.

இப்போது சொல்லுங்கள், ஓடைத்தெருவில் இருந்தது அறியாமையா, அனுபவமா? அறியாமை ஓடைத்தெருவிலா இருந்தது, இந்த ஒலிவாங்கியிலா இருந்தது?

திரும்பி வந்து பிச்சையம்மாளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் எப்படி வேலை பார்க்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. ஏலச்செடியின் காய் உச்சியில் காய்ப்பதில்லை, தரையோடு ஓடுகிற சரத்தில் காய்க்கும். குனிந்து, இலையை விலக்கி, விளைந்ததை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். அவர் பார்த்து எடுக்கவில்லை, விரலால் தொட்டு எடுத்துக்கொண்டிருந்தார்! பக்கத்து வரிசைப் பெண்கள், "வலது பக்கம் ஆத்தா, அங்கன குழி" என்று மெல்லச் சொல்லிக்கொண்டே போவார்களாம், சூப்பர்வைசர் காதில் விழாமல். அப்படியும் ஒருநாள் குழிக்குள் கால் போய் முழங்கால் வீங்கிவிட்டது. வீட்டில்கூடச் சொல்லவில்லை. இன்னும் ஆறு மாதம் விட்டால் விளக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரியும் என்றார் மருத்துவர். நான் கெஞ்சினேன்.

அப்போது அவர் சொன்னது இது: "கண்ணு போனாக் கையால தடவிக்கிடுவேன் பாய். சீட்டுப் போனா நான் எதத் தடவ?"

பதில் இருக்கிறதா உங்களிடம்? கண்ணாடிக் கடைக்காரனிடம் இல்லை. மருத்துவரிடமும் இல்லை. யாரிடம் இருக்கும்? வண்டிக்காரரிடம்தான் இருக்க வேண்டும் என்று பிச்சையம்மாள் போகிற ஜீப்பின் ஓட்டுநர் வேல்பாண்டியைத் தேடிப் போனேன். சண்டை போடத்தான் போனேன். ஆனால் அவர் பேச்சில் நியாயம் இருந்தது. ஆள் குறைந்தால் தோட்டத்தில் அடுத்த நாள் வேறு வண்டியைக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள், பாவம் பார்த்தால் மற்ற பதின்மூன்று பேர் பிழைப்பும் போகும் என்றார். மாற்று ஆள் போடலாமே என்றேன். போடலாம், ஏறின ஆள் இறங்குமா என்றார்.

சரி, இறங்குகிற ஆளாகத் தேடுவோம் என்று அந்த வண்டிப் பெண்கள் பதினாலு பேரையும் உட்கார வைத்துப் பேசினோம். பிச்சையம்மாளே ஒரு பெயர் சொன்னார். சுகிர்தம்! கூடியிருந்தவர்கள் எல்லாம் வேண்டாம் என்றார்கள். பத்து மாதமாக ஓர் இடத்துக்குத் தவித்தவர், கிடைத்த இடத்தை விடுவாரா? சீட்டு போன வலி அவளுக்குத்தான் தெரியும் என்று பிச்சையம்மாள் பிடிவாதமாக நின்றார். அதனால்தான் பயமாக இருக்கிறது என்றார் வேல்பாண்டி.

கடைசியில் அந்தப் பதின்மூன்று பெண்களும் ஒரு முடிவு சொன்னார்கள். முப்பத்தொன்றாம் நாள் பிச்சையம்மாள் அவர் இடத்தில் உட்காராவிட்டால் நாங்கள் ஒருவரும் வண்டி ஏறமாட்டோம் என்றார்கள். யார் சொல்வது? ஒருநாள் ஏறாவிட்டால் அடுத்த நாள் அடுப்பு எரியாத பெண்கள் சொல்வது! பிச்சையம்மாள் தேனிக்குப் போனார். வலது கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது. அவர் இடத்தில் சுகிர்தம் மலைக்குப் போனார்.

முப்பத்தொன்றாம் நாள். காலை ஐந்து மணிக்கு நான் ஜீப் ஸ்டாண்டில் நிற்கிறேன். பிச்சையம்மாள் கறுப்புக் கண்ணாடியோடு, சுவரைத் தடவாமல், நேராக நடந்து வருகிறார். வண்டிக்குள் பார்த்தால் சுகிர்தம் ஏற்கெனவே அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் தூக்குவாளி. யார் முகத்தையும் பார்க்கவில்லை. பதின்மூன்று பெண்களும் கீழேயே நின்றார்கள். வேல்பாண்டி ஹாரன் அடித்தார். ஒருவரும் ஏறவில்லை, ஒருவரும் இறங்கவும் இல்லை. மற்ற வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போகின்றன. இறங்கி வாருங்கள் என்று சுகிர்தம் அம்மாவைக் கூப்பிட எனக்கு என்ன தகுதி இருக்கிறது? அவர் இடம் போனபோது நான் எங்கே இருந்தேன்?

சுகிர்தம் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். இறங்கிப் பிச்சையம்மாள் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். என்ன சொன்னார் தெரியுமா?

"இங்கன கம்பி ஆடுதுக்கா. மேல உள்ளதப் புடிச்சுக்கிடுங்க."

அவ்வளவுதான். வண்டி போய்விட்டது. அவர் தூக்குவாளியோடு திரும்பி வீட்டுக்கு நடந்தார்.

அவையோரே! கொடை என்றால் கோடி கொடுப்பதா? கோபுரம் கட்டுவதா? அன்று அந்தப் பெண் கொடுத்தாரே, அதற்கு நிகராக நான் வாழ்நாளில் எதையும் கொடுத்ததில்லை. அதைப் பார்த்து மகிழ்ந்தேன் என்று சொன்னால் பொய். பாதி மகிழ்ந்தேன், பாதி வெட்கப்பட்டேன்.

அதன்பிறகு ஓடைத்தெருவிலிருந்து பத்தொன்பது பெண்கள் கண் காட்ட வந்தார்கள். ஆவணியில் ஒருவரும் வராத தெரு! ஏழு பேருக்கு அறுவை சிகிச்சை வேண்டும். ஏழு பேரும் கேட்பது ஒரே கேள்வி, என் இடம் இருக்குமா? தேவாரத்தில் மட்டுமா இந்தக் கேள்வி? கம்பத்தில் திராட்சைத் தோட்டத்துக்குப் போகிறவர் கேட்கிறார், கடமலைக்குண்டில் கூலிக்குக் களை எடுக்கிறவர் கேட்கிறார். கண்ணுக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டோம். கத்தி வைக்கக் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். கட்டணம் இல்லை. குறைவது முப்பது நாள், வெறும் முப்பது நாள்!

ஆகவே ஓட்டுநர் தம்பிகளே, உங்களிடம் பணம் கேட்கவில்லை, நன்கொடை கேட்கவில்லை. உங்கள் வண்டியில் கண் சிகிச்சைக்குப் போகிற பெண்ணின் இடத்தை முப்பது நாள் அவர் பேரில் வைத்திருக்க வேண்டும், அதற்கு ஒரு வார்த்தை கேட்கிறேன். மாற்று ஆள் நாங்கள் தருகிறோம். வேல்பாண்டி கொடுத்துவிட்டார். இன்னும் யார் கொடுக்கிறீர்கள்? இந்த மேடையில் வைத்தே கேட்கிறேன். கை தூக்குங்கள்.

ஒருவரும் இல்லையா? பரவாயில்லை, காத்திருக்கிறேன். தலைவர் ஐயா, இப்போது மட்டும் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள்.

அதோ ஒரு கை. நீலச் சட்டைத் தம்பி. உரக்கச் சொல்லுங்கள். என்ன? அவருக்கு ஒலிவாங்கி எட்டாது, நானே திருப்பிச் சொல்கிறேன். "போன வருசம் சுகிர்தக்கா சீட்டுல வேற ஆள ஏத்துனது நான்தான்" என்கிறார். அமைதி! அமைதி! ஊர் நடுவில் நின்று உண்மை பேசுகிறவரைக் கூச்சல் போட்டு அடக்காதீர்கள். சொல்லுங்கள் தம்பி. "எங்க வண்டியில ஒருத்தவுக திருப்பூருக்குப் போயிட்டாக. எடம் கெடக்கு. நாளைக்கு அஞ்சு மணிக்கு அக்காவ வரச் சொல்லுங்க."

சுகிர்தம் அம்மா, மூன்றாம் வரிசையில் இருக்கிறீர்களே, காதில் விழுந்ததா? என்ன அம்மா, எழுந்துவிட்டீர்கள்? பேச்சு இன்னும் முடியவில்லையே, எங்கே கிளம்புகிறீர்கள்?

"வெள்ளன எந்திரிக்கணும் பாய்" என்கிறார்.

போங்கள் அம்மா, நிம்மதியாகப் போய்த் தூங்குங்கள். நானும் முடித்துக்கொள்கிறேன். பொறுமையாகக் கேட்ட பெரியோர்க்கும், மலையிறங்கி வந்த தாய்மார்க்கும், கை தூக்கிய தம்பிக்கும், இதோ அவரைப் பார்த்து இப்போது கை தூக்குகிற மற்ற ஓட்டுநர்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. தூக்கிய கையை இறக்காமல் இப்படியே மையத்துக்குள் வந்து பெயர் எழுதிவிட்டுப் போங்கள். அனைவருக்கும் வணக்கம்.