மரத்துப்போகாத மண்டை

– மரத்துப்போகும்னு சொன்னீங்களே சிஸ்டர், எங்க மரத்துச்சு? மண்டையில மிளகாய் அரைக்கிற மாதிரி இருக்கு!

– சார், தலையை ஆட்டாதீங்க. அந்த க்ரீம் சிலருக்குக் கேக்கும், சிலருக்குக் கேக்காது. இன்னும் எட்டு நிமிஷம்தான்.

– எட்டா! விளக்கை அணைங்க, நான் எழுந்திரிக்கிறேன்.

– போன தடவையும் பாதியில ஓடிட்டீங்க. காலையில தடவின மருந்தும் இந்த வெளிச்சமும் சேர்ந்தாத்தான் அந்த வெயில் திட்டு கருகும். இன்னைக்கும் ஓடினா டாக்டர் கத்தியைத்தான் எடுப்பார். அம்மா, உங்க வீட்டுக்காரருக்கு நீங்களாவது சொல்லுங்க.

– என்னங்க, பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படுங்க. இந்தாங்க, கையைப் பிடிச்சுக்கோங்க.

– கை எதுக்குடி? பேனாவைக் கொடு. இந்த க்ரீமைப் பத்தி பெரிய டாக்டருக்கு ஒரு புகார் எழுதறேன். நாளைக்கே தபால்ல போடு.

– எழுதுங்க. போடமாட்டேன்.

– என்னது?

– இதுவரைக்கும் ஒண்ணையும் போட்டதில்லை.

– சார், கழுத்து! திருப்பாதீங்க!

– நீங்க சும்மா இருங்க சிஸ்டர். ஏய், எந்தக் கடிதத்தைச் சொல்றே? நகராட்சிக்கு எழுதினதா?

– நகராட்சி, மின்சார ஆபீஸ், பஸ் டிப்போ, எல்லாம். பழைய சூட்கேஸ்ல இருக்கு. மூடியைச் சாத்த முடியலை, மேல தையல் மெஷினை வச்சிருக்கேன்.

– புளுகாதே! பதில் வந்துச்சே! ‘தங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது’ன்னு, முத்திரையோட! கண்ணாடி போட்டுச் சுவத்துல மாட்டியிருக்கேனே!

– முத்திரை உருளைக்கிழங்குல செதுக்கினது.

– உருளைக்கிழங்கா!

– முதல்ல கேரட்ல பார்த்தேன். வட்டம் சரியா விழலை.

– ஐயோ அம்மா, சிரிக்க வைக்காதீங்க, நான் பிடிச்சிருக்கிற விளக்கு ஆடும்.

– அப்போ தெருவிளக்கு? ஏழு கடிதம் எழுதினப்புறம்தானே எரிஞ்சுச்சு?

– எதிர்வீட்டு டெய்லர் கம்பத்தை ஓங்கி ஒரு உதை விட்டார். எரிஞ்சுச்சு.

– அடிப்பாவி, ஏண்டி இப்படிப் பண்ணினே?

– முதல் புகாரே ‘தண்ணி ஆபீஸ்ல ஒருத்தன் மேசையில தலை வச்சுத் தூங்கறான்’னுதானே? அது என் அண்ணன். போட்டிருந்தா வேலை போயிருக்கும். அப்புறம் பழகிப்போச்சு.

– வேற யாருக்குத் தெரியும்?

– தபால்காரருக்கு. அரசாங்க உறை அவர்தான் கொடுத்தார்.

– அவனுமா! வெயில்ல வர்றானேன்னு தினம் தண்ணி கொடுத்தேனே, துரோகி!

– சார், மணி அடிச்சாச்சு! முடிஞ்சுது. கடைசி ஏழு நிமிஷம் ஒரு ‘ஆ’ கூட இல்லை!

– அட, ஆமா! ஏய் கெட்டிக்காரி, எனக்கு வலி தெரியக்கூடாதுன்னு கதை கட்டினியா? உருளைக்கிழங்காம்! நானும் நம்பிட்டேன் பாரு.

– அம்மா, உங்க பேச்சை ட்யூப்ல அடைச்சுக் கொடுங்க, வர்றவங்களுக்கெல்லாம் தடவி விடறேன்.

– கதை இல்லைங்க. இருபத்திரெண்டு வருஷமா, நீங்க எழுந்திரிக்க முடியாத ஒரு எட்டு நிமிஷத்துக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன்.